7-ம் எண் பாடி வருகிறாள்... இடது கார்னர் என்ன செய்யப் போகிறாள்?

வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ வந்து ஒன்பது நாளாகிறது. மொத்தமே 40 விநாடிதான். யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து கை நடுங்க எடுத்தது. பாதி நேரம் முன்னால் இருப்பவரின் தலைதான் தெரிகிறது. ஆனாலும், பழநி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியின் கபடி அணி அதை நூறு முறையாவது பார்த்திருக்கும்.

7-ம் எண் ஜெர்சி போட்ட பெண் ரைடு போகிறாள். வலது ஓரத்தில் நுழைகிறாள், யாரையும் தொடவில்லை. இரண்டே எட்டில் இடது ஓரத்தில் நிற்கிறாள், அங்கேயும் தொடவில்லை. 'சரி, போதும்' என்பதுபோல் உடம்பைத் திருப்புகிறாள். இதுதான் சமயம் என்று கார்னரில் நின்றவள் காலைப் பிடிக்கப் பாய்கிறாள். பாய்ந்த இடத்தில் கால் இல்லை, வெறும் மண். கீழே கிடந்தவளின் முதுகில் ஒரு தட்டு. உதவிக்கு ஓடிவந்த கவரின் தோளில் ஒரு தட்டு. ஆள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போயாகிவிட்டது. இரண்டு புள்ளிகள்.

ஏமாந்த கார்னர் வேறொரு கல்லூரிக்காரி. ஆனால், வீடியோவை முதல்முறை பார்த்ததுமே இந்த அணியின் இடது கார்னர் சொன்னது: "அக்கா, அப்படியே என்னைய மாதிரியே பாயுறா!"

எல்லோரும் சிரித்தார்கள். பி.டி. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கொடைக்கானலில் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில், இந்த 7-ம் எண்ணைத்தான் இவர்கள் பிடித்தாக வேண்டும். அரையிறுதி வரை அவளை முழுதாகக் கட்டிப்போட்ட அணி ஒன்றுகூட இல்லை. உயரமும் சராசரி, எடையும் சராசரி. பார்த்தால் பயம் வராது. வேகம்கூட அப்படி ஒன்றும் மின்னல் இல்லை. அவளுடைய சொத்து, ஒரே இடத்தில் நிற்காத கால்கள்.

இடது கார்னர், பூம்பாறைக்காரி. மூன்றாமாண்டு பி.காம். அடுக்கடுக்காய்ப் பூண்டு வயல்கள் இறங்கும் ஊரிலிருந்து, பஞ்சாமிர்த வாசனை வீசும் ஊருக்குப் படிக்க வந்தவள். (கொடைக்கானல் மலைப்பூண்டு, பழநி பஞ்சாமிர்தம் இரண்டுமே 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின. 'நான் ரெண்டு ஜி.ஐ-க்கும் நடுவுல இருக்கேன்' என்பது ஹாஸ்டலில் அவள் அடிக்கடி விடும் ஜோக்.) மேடும் பள்ளமுமான வயலில் மூட்டை தூக்கி ஏறி இறங்கிய கால்கள். பள்ளியில் படிக்கும்போதே அவள் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். உடும்புப்பிடி என்று ஊரில் பேர்.

பிரச்னையும் அங்கேதான் தொடங்கியது. பள்ளி அளவில் ரைடர்கள் நேராக வருவார்கள், நேராகத் திரும்புவார்கள். பலம் இருப்பவள் முதலில் பாய்ந்தால் போதும். கல்லூரிக்கு வந்த பிறகு எதிரில் வருகிறவர்கள் மாறினார்கள். பாய்ச்சல் மட்டும் மாறவில்லை. இந்தத் தொடரின் கால் இறுதியில் நான்கு முறை பாய்ந்தாள். ஒன்றுதான் மாட்டியது. மற்ற மூன்றுக்கும் அவள் வெளியே போய் உட்கார, அணி ஆறு பேரோடும் ஐந்து பேரோடும் மூச்சுத் திணறி ஜெயித்தது.

இது அவளுக்குக் கடைசி வருடம். இறுதிப் போட்டியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் இடம் கிடைத்தால் தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அங்கே ஆடியதற்கு ஒரு சான்றிதழ். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தாள். ஆனால், தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடும், காவலர் தேர்வில் 10 சதவிகித ஒதுக்கீடும் இருக்கிற மாநிலத்தில், மலைக்கிராமத்துப் பெண் ஒருத்திக்கு அந்தத் தாளின் எடை வேறு. அவள் எழுத நினைப்பது காவலர் தேர்வு. ஹாஸ்டல் அறையில் பாடப்புத்தகத்துக்கு மேல் பொது அறிவு கைடு இருக்கிறது.

ஆக, சனிக்கிழமை அவளுக்கு இரண்டு கணக்கு. அணி ஜெயிக்க வேண்டும். அவள் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுகிற இடம்தான் இந்த ஆட்டத்தின் சுவாரஸ்யம்.

கொஞ்சம் களத்தைப் பார்த்துவிடலாம். பெண்கள் கபடிக் களத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். அதில் ஒரு அணிக்குப் பாதி. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் லாபி. லாபியைக் கழித்தால் ஏழு பேர் நின்று காவல் காக்கும் இடம் 6 மீட்டருக்கு 6 மீட்டர். ஒரு சின்ன கல்யாண மேடை அளவு. நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன். ரைடர் அதைத் தாண்டாமல் திரும்பினால் அவுட். அதற்குப் பின்னால் 1 மீட்டரில் போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால் மட்டும் அந்தக் கோட்டுக்கு ஒரு புள்ளி உண்டு. ஒரு ரைடுக்கு 30 விநாடி.

இவ்வளவு சின்ன இடத்தில் ஏழு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பிடிக்க முடியாதா என்று தோன்றும். முடியும், ஏழு பேரும் ஏழு பேராக இருக்கும் வரை. கார்னரும் அவள் பக்கத்து 'இன்'னும் கை கோத்திருப்பார்கள். கவர்கள் இரண்டு பேரும் அப்படியே. அந்தச் சங்கிலி அறுந்தால், ஒருத்திக்கு எதிராக ஒருத்தி என்கிற ஆட்டமாகிவிடும். அதில் ரைடர்தான் ஜெயிப்பாள். 7-ம் எண் இடதும் வலதுமாக அலைவது யாரையும் தொடுவதற்காக அல்ல. சங்கிலியை இழுத்துப் பார்ப்பதற்காக. வலது ஓரம் போனால் மொத்த அணியும் அரை அடி வலப்பக்கம் நகரும். அடுத்த நொடி இடப்பக்கம் போனால், நகர்ந்தவர்கள் திரும்பி வர வேண்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் திரும்ப மாட்டார்கள். யாரோ ஒருத்தி அரை விநாடி பிந்துவாள், யாரோ ஒருத்தி அவசரப்படுவாள். அந்த இடைவெளிக்குத்தான் அவள் காத்திருக்கிறாள்.

இதில் இன்னொரு குயுக்தி. தொடுவதற்கு முன் தடுக்கிறவள் லாபிக்குள் கால் வைத்தால், அவளே அவுட். 7-ம் எண் ஓரக்கோட்டை ஒட்டிப் போய், கார்னரின் கண் முன்னால் காலை நீட்டிக் காட்டுவாள். ஆசைப்பட்டு ஓரடி வைத்தால் போச்சு. வீடியோவில் இல்லாத இந்த விஷயத்தை, கால் இறுதியில் அவளிடம் தோற்ற கல்லூரியின் வீராங்கனை போனில் சொன்னாள். தோற்றவர்களிடம் கிடைக்கிற தகவலுக்கு ஈடு எதுவுமில்லை.

நம் சினிமாவில் கபடி என்றால் ரைடர்தான். 'கில்லி'யில் விஜய் பாடிக்கொண்டு போவார். 'வெண்ணிலா கபடி குழு'வில் மனதில் நிற்பதும் ரைடுதான். போய்த் தொட்டுவிட்டு வருகிறவருக்கு ஸ்லோமோஷன், பின்னணி இசை எல்லாம் உண்டு. கார்னரில் குனிந்து நிற்கிறவருக்கு? தூசிதான். கிராமத்து இரவுப் போட்டிகளிலும் அப்படித்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் மைக்காரர் பேர் சொல்லிக் கூப்பிடுவது ரைடு போகிறவரைத்தான். பிடித்தவரின் பேரைக் கேட்டால், 'அந்தப் பச்சை பனியன் தம்பி' என்பார்.

கபடியின் சரித்திரம் தெரிந்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி 1990-ல் சேர்ந்ததிலிருந்து இந்திய ஆண்கள் அணி தொடர்ந்து ஏழு தங்கம் வாங்கியது. 1994-ல் ஹிரோஷிமாவில் வாங்கியதில் நம் மணத்தி கணேசனுக்கும் பங்கு உண்டு. அந்தத் தொடர் வெற்றியை 2018-ல் ஜகார்த்தாவில் நிறுத்தியது ஈரான். அரையிறுதியில் 27-18. அடுத்த நாள் பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரான் 27-24 என்று இந்தியாவை வென்றது. ஈரான் ஆண்கள் அணியின் முதுகெலும்பு ஃபஸல் அத்ராச்சலி. ப்ரோ கபடியில் டேக்கிள் புள்ளிகளைக் குவித்து வைத்திருப்பவர். அவர் எந்த இடத்தில் நிற்பார் தெரியுமா? இடது கார்னர்.

பூம்பாறைப் பெண்ணின் போனில் வால்பேப்பரே அவர்தான். ஆனால் அவரிடம் அவள் பார்த்தது பிடியை மட்டும். பிடிப்பதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்பதை, இந்த ஒன்பது நாளில்தான் பி.டி. மேடம் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். "ஏ புள்ள, அவர் கையைப் பாக்காத. அவர் பாயாம விட்ட ரைடை எண்ணு" என்றார். எண்ணினாள். பாய்ந்ததைவிட விட்டது பல மடங்கு அதிகம்.

அணித் தலைவியின் தம்பிக்கு அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். நாம் ஆடும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்வார்களே, அது. அக்காவின் கவலையைக் கேட்டுவிட்டு அவன் அனுப்பியது லாமார் ஜாக்ஸனின் கல்லூரி நாள் வீடியோ. அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவருக்கு குவார்ட்டர்பேக் என்று பேர். வழக்கமாக அவர் பின்னால் நின்று எறிவதோடு சரி. லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஜாக்ஸன், எறிவதுபோல் காட்டிவிட்டுத் தானே ஓடிவிடுவார். 2016 சீசனில் எறிந்து 30 டச்டவுன், ஓடி 21 டச்டவுன். அந்த வருடம் கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான். இப்படிப்பட்டவர்களுக்கு எதிராக அங்கே ஒரு பழைய உத்தி உண்டு. ஒரே ஒரு ஆளை 'ஒற்றன்' என்று நிறுத்துவார்கள். பந்தைப் பார்க்காமல், மற்றவர்களைப் பார்க்காமல், அந்த ஓடுகிறவரை மட்டும் பார்ப்பது அவர் வேலை. துரத்துவதில்லை. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எதிரே இருப்பது மட்டும்தான். ஓரங்களில் நிற்பவர்களுக்கும் ஒரே கட்டளை: உள்ளே பாய்ந்து ஏமாறாதே, வெளியே போகும் வழியை அடை.

மேடத்துக்கு அந்த விளையாட்டு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் ஒற்றன் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை இந்த அணியின் ஒற்றன், சென்டரில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவி. 7-ம் எண்ணின் இடுப்பை மட்டும் பார்ப்பாள். கால் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு மட்டும் உண்மையாகப் போகிற திசைக்குத்தான் திரும்பும். இது பூம்பாறைப் பெண்ணின் தாய்மாமா சொல்லிக்கொடுத்தது. பொங்கல் போட்டிகளில் ஆடி முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவர். போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வியே "இடுப்பப் பாக்குறியா?" என்பதுதான். ஹாஸ்டலில் ஸ்பீக்கரில் போட்டால் மானம் போகும் என்று அவள் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறாள்.

ஒற்றன் பார்த்துச் சொல்வதை இடது கார்னருக்குக் கொண்டுபோவது யார்? நடுவில் நிற்கும் 'லெஃப்ட் இன்'. கார்னரும் அவளும்தான் கை கோத்திருப்பவர்கள். கூச்சலில் வாயால் சொன்னால் கேட்காது. அதனால் கை. ஒரு அழுத்து அழுத்தினால் 'பொறு'. இரண்டு அழுத்து அழுத்தினால் 'போ'. இரண்டு அழுத்து வராமல் கார்னர் பாயக் கூடாது. வருவதற்கான நேரமும் ஒன்றே ஒன்று: 7-ம் எண் திரும்பி, முதுகு பாதி தெரிந்து, அவளுடைய எடை ஒரே காலில் இறங்குகிற அந்தக் கணம்.

சொல்லும்போது சுலபம். முதல் மூன்று நாள் பயிற்சியில் பூம்பாறைப் பெண் ஒருமுறைகூடப் பொறுக்கவில்லை. முதலாமாண்டு மாணவி ஒருத்தி 7-ம் எண்ணாக நடித்து முன்னும் பின்னும் ஆட, இவள் கையை உதறிக்கொண்டு பாய்ந்தாள். நான்காம் நாள் மேடம் ஒரு துப்பட்டாவை எடுத்து, இவள் மணிக்கட்டையும் 'இன்' பெண்ணின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். "இப்பப் பாய்டி பாக்கலாம்!" பாய்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். ஆறாம் நாள் விழுவது நின்றது. எட்டாம் நாள் துப்பட்டாவை அவிழ்த்தார்கள். இருபது ரைடில் பதினாறில் பொறுத்தாள். மீதி நாலு? அந்த நாலுதான் மேடத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

போனஸ் விஷயத்தில் மேடத்துக்கும் அணித் தலைவிக்கும் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. மேடம் சொல்வது: ஏழு பேர் நிற்கும்போது அவள் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுப் போகட்டும், ஒரு புள்ளிதானே? அதைத் தடுக்கப் போய் இரண்டு, மூன்று கொடுப்பதைவிட லாபம். தலைவி சொல்வது: ப்ரோ கபடி வந்த பிறகு எல்லோருக்கும் பழகிப்போன 'டூ ஆர் டை' விதி இங்கேயும் இருக்கிறது. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். அந்த மூன்றாவது ரைடில்தான் 7-ம் எண் நிஜமாகவே ஆழமாக வருவாள், ஆட்டம் காட்ட நேரம் இருக்காது. போனஸை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த நிலைமையே வராது.

தலைவி சொல்வதில்தான் நியாயம் அதிகம். பொறுமையை ஆயுதமாக எடுத்த அணி, எதிராளிக்கு அவசரத்தை உண்டாக்கினால்தான் அந்த ஆயுதம் வெட்டும். ஆனால் மேடத்தின் பயமும் வெறும் பயம் இல்லை. ஆறு பேர், ஏழு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டை மறிக்க ஓரடி முன்னால் வர வேண்டும். அந்த ஓரடிதான் 7-ம் எண் கேட்பது. கடைசியில், முதல் பத்து நிமிடம் மேடம் சொல்வது, பிறகு ஸ்கோரைப் பார்த்துத் தலைவி முடிவெடுப்பது என்று ஒரு சமரசம். களத்தில் இது எத்தனை நிமிடம் தாங்கும் என்பது தெரியாது.

ஆட்டம் நடக்கும் இடம் யாருக்குச் சாதகம்? பழநியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் 64 கிலோமீட்டர். ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம், கடலோரத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறையும். கபடியில் ரைடர் 'கபடி கபடி' என்று விடாமல் பாடியாக வேண்டும். பாட்டு அறுந்தால் அவுட். சமவெளியில் 30 விநாடியும் அலைந்து திரிந்து பாடுகிற 7-ம் எண்ணுக்கு, கொடைக்கானல் குளிரில் இருபதாவது விநாடியிலேயே நெஞ்சு இறுகும். முதல் பாதியில் தெரியாது. இரண்டாம் பாதியில் தெரியும்.

ஆனால், பழநிக் கல்லூரியும் அடிவாரம்தான். இவர்களுடைய ரைடர்களுக்கும் அதே மூச்சு, அதே இறுக்கம். ஏழு பேரில் அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவள் ஒருத்திதான். பிடிக்கிறவளுக்குப் பாட்டு இல்லை என்பதால் அந்த வசதியும் அரைகுறைதான். அதைவிட முக்கியம் மண். பெரிய போட்டிகளெல்லாம் இப்போது மேட்டுக்கு மாறிவிட்டன. இங்கே இன்னும் மண் களம்தான். காலையில் பனி இறங்கிய மண் மேலே மெத்தென்று இருக்கும், அடியில் வழுக்கும். பக்கவாட்டில் வெட்டித் திரும்புகிற காலுக்கு அது எதிரி. 9 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இடது கார்னருக்குக் கொண்டாட்டம். வெயில் வந்து மண் காய்ந்த பிறகு தொடங்கினால் 7-ம் எண்ணுக்கு. மஞ்சு எப்போது விலகும் என்பதைக் கொடைக்கானலில் யாரும் பந்தயம் கட்டிச் சொல்வதில்லை.

எதிரணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 7-ம் எண்ணைத் தவிர அங்கே இன்னொரு நல்ல ரைடர் இல்லை. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டால் அந்த அணிக்குப் புள்ளி வரும் வழி பாதி அடைபடும். அது அவர்களுக்கும் தெரியும். அதனாலேயே ரைடு முடிந்து திரும்பும் அவளை, தடுப்பாட்டத்தில் ஆபத்தில்லாத ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்துகிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் ஷெராவத், முதல் ஆட்டத்திலேயே எதிரணி ரைடரைப் பிடிக்கப்போய் முழங்காலில் அடிபட்டு, சீசன் முழுக்க ஆட முடியாமல் போனதைக் கபடி பார்க்கிற யாரும் மறக்கவில்லை. ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்தவர் அவர். ஆனால் அதே சீசனில்தான், அவர் இல்லாமலே, தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. ஓடுகிற ஒருத்தரை நம்பி இருக்கும் அணி, அவர் இல்லாதபோது என்னவாகும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது.

7-ம் எண்ணுக்கும் இது கடைசி வருடம்தானாம். அவளும் அதே தேர்வாளர்களின் கண்ணில் பட வேண்டியவள். ஆனால் அவளுடைய வேலை வெளிப்படையானது. ஓடினால் தெரியும், தொட்டால் தெரியும், புள்ளிப் பலகையில் ஏறும். இடது கார்னர் பொறுத்திருப்பது எந்தப் பலகையில் ஏறும்? வெறுங்கையோடு திரும்பிய ரைடு, தடுத்த அணிக்கு ஒரு புள்ளியையும் தராது.

பூம்பாறைப் பெண்ணின் அப்பா இதுவரை அவள் ஆடி ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. பழநியும் திண்டுக்கல்லும் அவருக்குத் தூரம். பூண்டு வயலை ஒருநாள் விட்டாலும் காட்டுமாடு இறங்கிவிடும். மகள் வாங்கி வந்த கோப்பைகளை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில் ஒன்றில் விளக்குத்திரி போட்டு வைத்திருக்கிறார். இந்த முறை ஆட்டம் கொடைக்கானலிலேயே நடக்கிறது. பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் 20 கிலோமீட்டர்தான். அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வியாழக்கிழமை இரவு போனில் அவள் திட்டத்தை விளக்கினாள். அவ வருவா, நான் நிப்பேன். அவ ஆடுவா, நான் நிப்பேன். கையில ரெண்டு தடவ அழுத்தினாத்தான் போவேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"நீ சும்மா நிக்கிறதப் பாக்கவா நாங்க இம்புட்டுத் தூரம் வர்றது?" என்றார் அப்பா. விளையாட்டாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வாக்கியம் அன்று இரவு முழுக்க அவளோடு படுத்திருந்தது. மறுநாள் பயிற்சியில், பத்து ரைடில் மூன்று முறை அழுத்தம் வரும் முன்னாலேயே பாய்ந்தாள். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. துப்பட்டாவை எடுத்து வந்து காட்டிவிட்டு, திரும்ப பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் 'லெஃப்ட் இன்' பெண்தான் கேட்டாள், "என்னடி ஆச்சு உனக்கு?" சொன்னாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "உங்கப்பாகிட்ட நான் பேசட்டா?" என்று கேட்டு, அனுமதிக்குக் காத்திருக்காமல் போனை வாங்கிவிட்டாள். "அப்பா, நாளைக்கு வந்தா உங்க பொண்ணைப் பாக்காதீங்க. எங்க ரெண்டு பேர் கையை மட்டும் பாருங்க. நான் அழுத்துறது உங்களுக்குத் தெரியுதான்னு ஆட்டம் முடிஞ்சு சொல்லணும், சரியா?" அவர் சரி என்றார். அவருக்கு அது ஒரு வேலையாகப் பிடித்துப்போனது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கை தெரியும் என்று கேட்டார்.

ஆட்டம் எப்படிப் போகலாம்? முதல் பத்து நிமிடத்தில் 7-ம் எண் நான்கைந்து புள்ளி எடுத்துவிடுவாள், பாதிக்கு மேல் போனஸாக. அதில் பதறாமல் இருந்தால், பாதி ஆட்டம் முடியும்போது இரு அணிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டாம் பாதியில் மூச்சு பேசத் தொடங்கும். அவளுடைய ரைடு 30 விநாடியிலிருந்து 20-க்குச் சுருங்கினால், அலைகிற தூரமும் சுருங்கும். அப்போது இரண்டு வெற்று ரைடு, அடுத்து ஒரு 'டூ ஆர் டை'. இந்த அணி எதிர்பார்ப்பது அந்த ஒரு ரைடைத்தான். அப்படி ஒன்றோ இரண்டோதான் வரும். முன்னதாகவே கார்னர் பாய்ந்து வெளியே உட்கார்ந்திருந்தால், அந்த ரைடு வரும்போது மூலையில் நிற்க அவள் இருக்க மாட்டாள்.

சனிக்கிழமை பழநி பஸ் ஸ்டாண்டிலிருந்து விடிகாலை முதல் பஸ். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள் யார் யார் என்று பட்டியல் தயார், எலுமிச்சம்பழம் வாங்கியாகிவிட்டது. ஜன்னலோர சீட் இடது கார்னருக்குக் கிடையாது. 'லெஃப்ட் இன்' பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று மேடம் உத்தரவு. மேலே போய்ச் சேரும் வரை பேச்சில்லாமல், கை அழுத்தத்திலேயே பேசிக்கொண்டு வர வேண்டுமாம். ஒன்று என்றால் பொறு. இரண்டு என்றால் போ.